தலைக்கு மேல வேலை

ஹாலட்ஸ் பே ஊரில் தனியாகத் தொழில் செய்கிறவர்கள் யாரும் சும்மா இருந்ததில்லை. சும்மா இருப்பதாக ஒப்புக்கொண்டதில்லை என்பது இன்னும் சரி. "எப்படிப் போகுது?" என்று யார் கேட்டாலும் "தலைக்கு மேல வேலை" என்பதுதான் பதில். புகைபோக்கி சுத்தம் செய்கிற டூகல், யாரும் கணப்பு மூட்டாத ஜனவரிக் கோடை வெயிலிலும் அதையே சொல்வான். பியானோவுக்குச் சுருதி கூட்டும் விம், ஊரில் மிச்சமிருக்கும் பியானோக்களை நாங்கள் எல்லோரும் விரல்விட்டு எண்ணிவிடுவோம் என்று தெரிந்தும் அதையே சொல்வான். ஜன்னல் கண்ணாடி துடைக்கிற நானும், மழை ஊரிலுள்ள எல்லாக் கண்ணாடிகளையும் இலவசமாகக் கழுவிவிட்டுப் போன வாரத்தில், அதையே சொன்னேன்.

இதைப் பொய் என்று சொல்ல முடியாது. வேலை இல்லை என்று சொல்கிறவனுக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை. அவனிடம் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். ஆகவே வேலை இல்லாத நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவோம். கூரையில் ஏணி இருக்க வேண்டும், முகத்தில் அவசரம் இருக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் போய், கலங்கரை விளக்கத்தில் திரும்பி, மரக்கிடங்கு வழியாக வருவேன். எதிரே டூகலின் வேன் வரும். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவான். நானும் ஒரு விரலைத் தூக்குவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி எதிரே வருவான். மறுபடி விரல். அதற்கு அடுத்த முறை இருவருமே கடலைப் பார்த்துக்கொள்வோம்.

காலையில் மட்டும் பேக்கரிக்குப் பின்னால் வேன்களை நிறுத்திவிட்டு, நின்றபடியே இறைச்சி அடைத்த மீட் பை தின்போம். அங்கே யாரும் யாரிடமும் உதவி கேட்டதில்லை. யாரும் யாருக்கும் உதவுகிறேன் என்று சொன்னதுமில்லை. விம்முக்கு நிமோனியா வந்த குளிர்காலத்தில் அவனுடைய வேன் இரண்டு நாள் காலையில் வரவில்லை. அடுத்த நாள் டூகல் அவன் வீட்டுக் கதவைத் தட்டி, "சும்மா இந்தப் பக்கமா போய்க்கிட்டிருந்தேன்" என்றான். விம்மின் வீடு ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் இருக்கிறது. அந்தப் பக்கமாக எங்கேயும் போக முடியாது. விம் அதைச் சுட்டிக்காட்டவில்லை. டூகல் விறகு வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தான். அடுத்து நான் அந்தப் பக்கமாகப் போனேன்.

பிறகு மெல்பர்னில் யாரோ ஆய்வு செய்து, தனியாகத் தொழில் செய்கிறவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். ஓர் அறக்கட்டளை அதைப் படித்து வருத்தப்பட்டது. அந்த வருத்தம் கடல் தாண்டி எங்கள் தீவுக்கு வந்து, மூடிக்கிடந்த வங்கிக் கட்டடத்தில் 'தனித்தொழிலர் அரவணைப்பு மையம்' என்ற பெயரில் குடியேறியது. பழைய பெட்டக அறையில் மெத்தை போட்டு அதற்கு மௌன அறை என்று பெயர் வைத்தார்கள். அதன் இரும்புக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும்.

மையத்துக்கு இயக்குநராக ஃபெலிசிட்டி வார்டல் வந்தாள். செவிமடுத்தல் அலுவலராக ஜாரட் என்ற இளைஞன் வந்தான். வரவேற்பில் டானி என்ற பெண். மூவருக்கும் தவறாத சம்பளம், ஆண்டு விடுப்பு, நோய் விடுப்பு, மனச்சோர்வு விடுப்பு எல்லாம் இருந்தன. நாங்கள் விடுப்பு என்பதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அதனால் மரியாதையாகவே நடந்துகொண்டோம்.

திறப்பு விழாவில் ஃபெலிசிட்டி பேசினாள்.

"என்னை ஃபிளிஸ்னே கூப்பிடுங்க. நான் வர்றதுக்கு முன்னாடி நீங்க எல்லாரும் பேக்கரிக்குப் பின்னால கூடுவீங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்குத் தூக்கமே போச்சு. எந்தப் பயிற்சியும் இல்லாம ஒருத்தர் கஷ்டத்தை இன்னொருத்தர் கேட்டிருக்கீங்க. யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா யாரு பொறுப்பு?"

டூகல் கையைத் தூக்கினான். "நாங்க மீட் பைதான் தின்னுக்கிட்டிருந்தோம், ஃபிளிஸ்."

"அதைத்தான் சொல்றேன் டூகல். மனசு நொந்தவங்களுக்குக் கொழுப்பைக் குடுத்திருக்கீங்க."

பேக்கரிக்குப் போகும் அதே நேரத்தில் மையத்தில் 'பகிர்வு வட்டம்' நடக்கும் என்று அறிவித்தாள். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வட்டத்துக்கு வராதவர்களுக்கு விபத்துக் காப்பீட்டில் சலுகை கிடையாது, அவ்வளவுதான். வேன்கள் போட்டி மனப்பான்மையைத் தூண்டுகின்றன என்பதால் அவற்றை மையத்தின் பக்கம் கொண்டுவரக் கூடாது. தெருக்கோடியில் எங்காவது நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். யாருடைய வேன் வந்தது, யாருடையது வரவில்லை என்பது அன்றிலிருந்து எங்களுக்குத் தெரியாமல் போனது. மையத்துக்கு வருகைப் பதிவு இருந்தது. எங்களுக்கு வேன்தான் இருந்தது.

நெரிடா பிளாக்கெட் நாய் குளிப்பாட்டுகிறவள். வேனுக்குப் பின்னால் தொட்டி வைத்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். கோடை உச்சத்தில் ஒரு நாள் காலை, டச்சஸ் என்ற கிரேட் டேன் நாயைக் குளிப்பாட்டி முடித்துச் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றபோது, டச்சஸ் ஒரு கடற்புறாவைப் பார்த்தது. நெரிடாவின் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு, நனையக் கூடாது என்றார் டாக்டர்.

நாய் குளிப்பாட்டுகிறவளிடம் நனையக் கூடாது என்பது, என்னிடம் ஜன்னல் பக்கம் போகாதே என்பதைப் போன்றது. அதோடு அப்போதுதான் இதே வேலை செய்யும் பெரிய கம்பெனி ஒன்றின் நீல வேன்கள் ஊருக்குள் வந்திருந்தன. ஒரு வாரம் தவறினால் வாடிக்கைக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். இன்னொரு வாரமும் தவறினால் நீல வேனைக் கூப்பிடுவார்கள். நீல வேனில் ஏறிய நாய் திரும்பி வருவதில்லை. அங்கே குளித்து முடித்ததும் கல்லீரல் வறுவல் கொடுக்கிறார்கள். நெரிடா பதினோரு வருடமாக, ஒவ்வொரு வீடாகச் சேர்த்த வாடிக்கைச் சுற்று அது. அது போனால் அவளிடம் மிஞ்சுவது ஒரு தொட்டிதான்.

முதல் வாரம் இடது கையால் சமாளித்துப் பார்த்தாள். பாதி நுரையோடு ஆடு மேய்க்கும் நாய் ஒன்று தப்பித்து, சர்ச் வாசலில் நின்ற மணப்பெண்ணின் மேல் உடம்பை உலுக்கியது. அதற்குப் பிறகுதான் நெரிடா, வாழ்க்கையில் முதல் தடவையாக, உதவி கேட்பது என்று முடிவு செய்து மையத்துக்குப் போனாள். நடந்ததைப் பின்னால் அவளே எனக்குச் சொன்னாள்.

செவிமடுத்தல் அறையில் ஜாரட் அவளை உட்காரவைத்து, முழங்கால் முழங்காலில் படாத சரியான தூரத்துக்கு நாற்காலியை நகர்த்திக்கொண்டான்.

"எப்படி இருக்கே, நெரிடா?"

"தலைக்கு மேல வேலை."

அது அவள் சொன்னதில்லை. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. ஜாரட்டின் முகம் மலர்ந்தது. எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய மணியை அடித்தான். டானி ஓடி வந்து நெரிடாவின் சட்டையில் பச்சை ரிப்பன் குத்தினாள். மையத்தில் மூன்று ரிப்பன்கள் உண்டு. பச்சை, தழைத்தோங்குபவர். மஞ்சள், தள்ளாடுபவர். சிவப்பு, தாங்கப்பட வேண்டியவர். ஊரில் அதுவரை எல்லோருக்கும் பச்சைதான்.

"இரு ஜாரட். என் கையைப் பாரு."

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"உடைஞ்சிருக்கு."

"உடைஞ்சிருக்குன்னு சொல்றே."

"ஆமா."

"ஆமான்னு சொல்றே."

"ஆறு வாரத்துக்கு யாராவது எனக்குப் பதிலா நாய்ங்களைக் குளிப்பாட்டணும்."

"யாராவது குளிப்பாட்டணும்னு உனக்குத் தோணுது."

"தோணல. வேணும்."

ஜாரட் நீண்ட நேரம் தலையாட்டினான். தலையாட்டுவதற்குச் சான்றிதழ் பெற்றவன். பிறகு தாழ்ந்த குரலில், "இன்னிக்கு நான் நல்லாக் கேட்டேன் இல்ல?" என்றான்.

வெளியே வந்தபோது டானி அவளைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தாள். மாவுக்கட்டு தெரியாமல், தோளுக்கு மேல் மட்டும். அடுத்த வாரம் மையத்தின் கையேட்டு அட்டையில் நெரிடா சிரித்துக்கொண்டிருந்தாள். 'தழைத்தோங்குபவர்' என்று கீழே போட்டிருந்தது.

அந்த வாரப் பகிர்வு வட்டத்தில் காபிக்கு வரிசையில் நின்றபோது டூகல் அவளுடைய கையைப் பார்த்தான்.

"என்ன அது, நெரி?"

"ஒண்ணுமில்ல. சிராய்ப்பு."

"சிராய்ப்புக்கா இவ்ளோ பெரிய கட்டு? என் புகைபோக்கிகூட இதைவிட ஒல்லிதான்."

ஜாரட் அவர்களுக்கு நடுவே மெதுவாக வந்து நின்றான். "டூகல், நீ அக்கறையா கேக்குறேன்னு எனக்குத் தெரியும். ஆனா வட்டத்துக்கு வெளிய ஒருத்தர் கஷ்டத்தை விசாரிக்கிறது எல்லை மீறல். வட்டத்துல கேளு."

வட்டத்தில் பேச வேண்டுமானால் குட்டிக் கரடி மாதிரி இருக்கும் வாம்பாட் விலங்கின் பஞ்சுப் பொம்மையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். அணைக்காதவர்கள் பேசக் கூடாது. பொம்மை வலமாக வந்தது.

"தலைக்கு மேல வேலை," என்றான் விம்.

"தலைக்கு மேல வேலை," என்றேன் நான்.

"தலைக்கு மேல, கழுத்துக்குக் கீழ, எங்க பாத்தாலும் வேலை," என்றான் டூகல். அவனுடைய வேன் மூன்று வாரமாகக் கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

நெரிடாவிடம் வந்தபோது அவளால் பொம்மையை ஒரு கையால்தான் பிடிக்க முடிந்தது. அது அவள் மடியில் தலைகீழாகத் தொங்கியது. ஃபெலிசிட்டி கனிவோடு பார்த்தாள். "இன்னும் நீ தயாரா இல்ல, நெரிடா. பரவாயில்ல. அவசரமே இல்ல." பொம்மை அடுத்தவரிடம் போனது.

முடிவில் ஃபெலிசிட்டி தன் சொந்த அனுபவத்தைப் பகிர்ந்தாள்.

"போன குளிர்காலத்துல எனக்கு ரொம்பச் சோர்வு. மூணு வாரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கல. ஆனா ஒரு நாள்கூட நான் தனியா இருக்கேன்னு தோணல. ஏன்? என் வேலையை ஜாரட் பாத்தான். ஜாரட் வேலையை டானி பாத்தா. டானி வேலைக்கு வேற ஆள் போட்டாங்க. சம்பளம் தேதி மாறாம வந்துச்சு. ஒருத்தரை ஒருத்தர் தாங்குறதுன்னா என்னன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. அதைத்தான் உங்களுக்குக் கத்துக்குடுக்க வந்திருக்கேன்."

விம் பொம்மையை வாங்கி முறைப்படி அணைத்துக்கொண்டான். "அதுல எந்தப் பகுதியை நாங்க செய்யணும்?"

"ஆழமா மூச்சு விடுற பகுதியை," என்றாள் ஃபெலிசிட்டி.

எல்லோரும் மூச்சு விட்டோம்.

இரண்டாம் வாரம் நெரிடா மூன்று நாய்களை இழந்தாள். அவள் தெருவிலேயே நீல வேன் நின்றதை நான் பார்த்தேன். அந்தப் பக்கமாகப் போவதா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் பச்சை ரிப்பனோடு கையேட்டு அட்டையில் சிரிக்கிறவள் வீட்டுக்கு எதற்காகப் போவது? அவள் அவமானமாக நினைக்கலாம். கடற்கரைச் சாலையில் திரும்பிவிட்டேன். எதிரே டூகல் வந்தான். விரலைத் தூக்கவில்லை. அவனும் அந்தத் தெரு முனை வரை போய்த் திரும்பியிருக்கிறான் என்று எனக்குப் பட்டது.

அந்த நாட்களில் மையத்தில் வேறொரு பதற்றம். அறக்கட்டளையின் தலைவி திருமதி லாங்டன் நேரில் வருகிறார், மையத்தால் தாங்கப்பட்ட ஒருவரையாவது பார்க்க விரும்புகிறார் என்று தகவல். தாங்கப்பட வேண்டியவர் ஒருவர்கூட ஊரில் கிடையாது. எல்லோரும் பச்சை.

இதைக் கேள்விப்பட்டு நெரிடா நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

"ஃபிளிஸ், நான் இருக்கேன். எனக்குத்தான் உதவி வேணும். நிஜமாவே வேணும்."

ஃபெலிசிட்டி எழுந்து வந்து அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இப்படி முன்வர்றது எவ்ளோ பெரிய மனசு. ஆனா நீ பச்சை. பச்சையிலிருந்து சிவப்புக்கு நேரா போக முடியாது. நடுவுல ஒரு பருவம் மஞ்சள்ல இருக்கணும். அதுவுமில்லாம அட்டையில உன் படம் இருக்கு. அட்டையில இருக்கிறவளே விழுந்துட்டான்னா உள்ளே இருக்கிற பக்கங்களை யாரு நம்புவா?"

"அப்ப நான் என்ன பண்ண?"

"தழைச்சுக்கிட்டே இரு."

ஃபெலிசிட்டி லான்செஸ்டன் நகரத்திலிருந்து ஒரு நடிகனை வரவழைத்தாள். கோரின் என்று பெயர். பஸ்ஸில் வந்து இறங்கினான். அவனுக்கு வேலி வர்ணம் பூசுகிறவன் வேடம். சிவப்பு ரிப்பன் குத்தினார்கள். வர்ணம் பட்ட சட்டை கிடைக்காததால் டானி அவன் சட்டையில் நகப்பூச்சைத் தெளித்தாள். தன் ஊரில் வேலி பூசுகிறவர்கள் இளஞ்சிவப்பு பூசுவதில்லை என்று அவன் தயங்கிச் சொன்னதாகவும், ஜாரட் அதை நன்றாகக் கேட்டுக்கொண்டதாகவும் பிறகு தெரிந்தது.

திருமதி லாங்டன் மெலிந்த, அன்பான கிழவி. எங்கள் ஒவ்வொருவரிடமும் எப்படிப் போகிறது என்று விசாரித்தார். ஒவ்வொருவரும் பதில் சொன்னோம். அவர் புருவம் உயர்ந்துகொண்டே போனது. பிறகு வட்டம் கூடியது. கோரின் வாம்பாட்டை அணைத்துக்கொண்டு பேசினான்.

"ஒரு மாசமா யாரும் கூப்பிடல. போன் அடிக்குதான்னு ராத்திரி எழுந்து பாக்குறேன். வேலை இல்லைன்னு யார்கிட்டயும் சொல்ல முடியல. வண்டியை எடுத்துக்கிட்டு எங்கயாவது போறேன். பெட்ரோல்தான் தீருது."

நன்றாக நடித்தான். ஆனால் எங்களுக்குப் பார்க்க முடியவில்லை. ஒரு மனிதன் எல்லோர் முன்னாலும் சட்டையைக் கழற்றுவதைப் போலிருந்தது. விம் கூரையைப் பார்த்தான். டூகல் தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். நான் ஜன்னல்களைப் பார்த்தேன். மேல் மூலைகளைச் சரியாகத் துடைக்கவில்லை. அவற்றைத் துடைத்தது நான்தான்.

திருமதி லாங்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவருக்கு யாரு உதவப் போறீங்க?"

"யாருக்காவது கொஞ்சம் நேரம் இருந்தாப் போதும்," என்றாள் ஃபெலிசிட்டி. "யாருக்கு நேரம் இருக்கு? சும்மா கையைத் தூக்குங்க."

குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை முனகி நின்றது. வெளியே கடற்புறாக்கள் கத்தின. அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் நேரம் இருந்தது. மூட்டை மூட்டையாக இருந்தது. வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றிச் சுற்றிக் கொட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் அதை இருக்கிறது என்று சொல்லிக் கையைத் தூக்க ஒருவராலும் முடியவில்லை. கை தொடையின் மேல் கிடந்தது, வேறு யாருடையதோ போல.

நெரிடா எழுந்தாள். அவளிடம் பொம்மை இல்லை. ஜாரட் பொம்மையை எடுக்க ஓடினான். அவள் காத்திருக்கவில்லை.

"நாளைக்குக் காலையில எனக்குத் தலைக்கு மேல வேலை," என்றாள். "ஒன்பது நாய். எல்லாத்தையும் என் வீட்டு வாசலுக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கேன். டச்சஸும் வருது. நான் யார்கிட்டயும் எதுவும் கேக்கல. யாராவது அவசரமா வேற எங்கயோ போறப்ப எங்க தெரு வழியா வந்தா, வாசல்ல நாய் நிக்கும். வண்டியைக் கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டாள். டூகல் பூட்ஸ் கயிற்றிலிருந்து தலையை நிமிர்த்தி அவளுடைய கையைப் பார்த்தான். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை.

"சாலைப் பாதுகாப்பு பத்தி ரொம்ப அழகான பகிர்வு," என்றாள் ஃபெலிசிட்டி.

திருமதி லாங்டன் முடிவுரை சொன்னார். "எத்தனையோ ஊர் பாத்திருக்கேன். தேவை இல்லாத ஊரை இன்னிக்குத்தான் பாக்குறேன். உதவுறதுக்குக்கூட ஒருத்தருக்கும் ஓய்வு இல்லாத அளவுக்குச் செழிப்பு. இந்த மையம் தன் வேலையை முடிச்சிடுச்சு. தேவை தீர்ந்த இடத்துல நிதியும் தீரணும்ங்கிறது எங்க கொள்கை. இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம். வாழ்த்துக்கள்."

ஃபெலிசிட்டிதான் முதலில் கைதட்டினாள். கடைசி வாக்கியம் அவளுக்குப் போய்ச் சேர்ந்தபோது தட்டிய கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றன.

வெளியே பஸ் நிறுத்தத்தில் கோரினைப் பார்த்தேன். நகப்பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"நல்லா நடிச்சே, நண்பா. நாடகத் தொழில் எப்படிப் போகுது?"

"தலைக்கு மேல வேலை," என்றான். "ஈஸ்டர் வரைக்கும் நிக்க நேரமில்ல."

பஸ் வந்தது. அவன் ஏறவில்லை. அடுத்ததில் போவதாகச் சொன்னான். அன்றைக்கு அடுத்த பஸ் கிடையாது.

மறுநாள் காலை நான் அவசரமாகக் கலங்கரை விளக்கத்துக்குப் போகிற வழியில் நெரிடாவின் தெருவில் திரும்பினேன். அது வழியே இல்லை. டூகலின் வேன் ஏற்கெனவே அங்கே நின்றது. ஏணி கூரையிலேயே இருந்தது. அவன் முழங்கை வரை நுரையோடு ஓர் அயர்லாந்து ஓநாய்-வேட்டை நாயின் முதுகைப் புகைபோக்கித் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தான். நாய் கண்ணை மூடி ஆனந்தமாக நின்றது.

"சும்மா இந்தப் பக்கமா போய்க்கிட்டிருந்தேன்," என்றான், நான் கேட்காமலே.

"நானும்தான்."

"தலைக்கு மேல வேலை."

"எனக்கும்தான். துண்டு எங்க இருக்கு?"

நெரிடா படியில் உட்கார்ந்து மாவுக்கட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் நுழைத்துக்கொண்டு உத்தரவு போட்டாள். "டூகி, அது அடுப்புக் குழாய் இல்ல, உயிர் இருக்கு. கண்ணுல நுரை படாம பாரு. ஏய் ஜன்னலு, வயித்துக்கடியில யாரு துடைப்பா, உன் மாமியாரா?"

விம் வந்தான். சுருதிக்காரனுடைய விரல்களைக் கடிக்கக் கொடுக்க முடியாது என்று சொல்லி, காதுகளை மட்டும் பொறுப்பேற்றுக்கொண்டான். ஒவ்வொரு காதையும் தூக்கிப் பார்த்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, பஞ்சால் துடைத்தான். அவன் கையில் நாய்கள் ஏனோ அசையாமல் நின்றன. டச்சஸைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டபோது, தெருமுனையிலிருந்து நகப்பூச்சுச் சட்டையோடு கோரின் வந்தான். எங்கே தூங்கினான் என்று யாரும் கேட்கவில்லை. கடற்புறா வந்தபோது டச்சஸ் இழுத்தது. கோரின் புல்வெளியில் மல்லாந்து விழுந்து, சங்கிலியை விடாமல் பத்தடி போனான்.

"இது நடிப்பா?" என்றான் டூகல்.

"இல்ல," என்றான் கோரின் தரையிலிருந்து.

நடுப்பகலில் ஜாரட் வந்தான். மையத்துக்கு இன்னும் சில நாட்கள் அதிகாரம் மிச்சமிருந்தது.

"இங்க பதிவு செய்யாத உதவி நடக்கிறதா புகார் வந்திருக்கு," என்றான்.

"யாரு சொன்னா?" என்றான் டூகல்.

"நீல வேன்காரங்க."

"இங்க யாரும் யாருக்கும் உதவல. நான் சும்மா போய்க்கிட்டிருக்கேன்."

"நின்னுக்கிட்டிருக்கியே."

"மெதுவாப் போய்க்கிட்டிருக்கேன்."

"உன் கையில நாய் இருக்கு."

"நாய் இருக்குன்னு சொல்றே," என்றான் டூகல், நீண்ட நேரம் தலையாட்டியபடி.

ஜாரட் போய்விட்டான். போகும்போது ஈர நாய் ஒன்று அவனுடைய கால்சட்டையில் உலுக்கியது. அதை அவன் பதிவு செய்தானா தெரியாது.

ஒவ்வொரு நாளும் நாங்கள் அந்தப் பக்கமாகப் போனோம். நாய்கள் கொஞ்சம் புகைவாசம் அடித்தன என்று சிலர் முணுமுணுத்தார்கள். நீல வேனுக்குப் போன மூன்றில் இரண்டு திரும்பி வரவில்லை. மற்றவை அப்படியே இருந்தன. கோரின் விம்மின் பின்னறையில் படுத்துக்கொண்டான். யாராவது கேட்டால் ஒத்திகைக்காக வந்திருப்பதாகச் சொல்வான். மாதக் கடைசியில் வங்கிக் கட்டடத்தின் பலகையைக் கழற்றினார்கள். கழற்ற என் ஏணிதான் போனது.

அதற்குப் பிந்தைய வாரத்தில் கடற்கரைச் சாலையில் எதிரே ஒரு வெள்ளை கார் வந்தது. கதவில் புதிதாக ஒட்டிய எழுத்து: 'ஃபெலிசிட்டி வார்டல், தனி ஆலோசகர், அரவணைப்பு வகைகள்'. ஓட்டுகிறவளின் முகத்தில் அவசரம் இருந்தது. கூரையில் ஏணி இல்லை. அது ஒரு குறைதான், ஆனால் புதியவள். கலங்கரை விளக்கத்தில் திரும்பி வந்தபோது மறுபடி எதிரே வந்தாள். நான் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினேன். அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். அதற்கு அடுத்த சுற்றில் அவளும் ஒரு விரலைத் தூக்கினாள்.

மறுநாள் காலை நாங்கள் வேலையில் இருந்தபோது அந்த வெள்ளை கார் நெரிடாவின் தெருவில் ஒரு தடவை போனது. கொஞ்ச நேரம் கழித்து எதிர்த்திசையில் போனது. பிறகு இன்னும் மெதுவாக வந்து வாசலில் நின்றது. ஃபெலிசிட்டி இறங்கினாள். குதிகால் உயர்ந்த அவள் காலணி புல்வெளிக்குத் தோதானதாக இல்லை. வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

டூகல் தூரிகையை நிறுத்தினான். விம் ஒரு காதை உயர்த்திப் பிடித்தபடியே நின்றான். அட்டைப் படத்தையும் பச்சை ரிப்பனையும் நெரிடா மறந்திருக்க வழியில்லை. படியிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தொட்டியில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"எப்படிப் போகுது, ஃபிளிஸ்?" என்றாள் நெரிடா கடைசியில்.

ஃபெலிசிட்டி சொன்னாள், "தலைக்கு மேல வேலை. சும்மா இந்தப் பக்கமா போய்க்கிட்டிருந்தேன்."

நெரிடாவின் தெருவும் முட்டுச் சந்துதான்.

டூகல் தோளிலிருந்த துண்டை எடுத்து வேலிக்கு மேல் நீட்டினான். அவள் அதை வாங்கினாள். இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள், அந்தப் பொம்மையைப் பிடிப்பது போல. பிறகு வேலியைத் திறந்து உள்ளே வந்து, ஈரம் சொட்டிக்கொண்டு நின்ற டச்சஸின் முன்னால் மண்டியிட்டாள்.

நாய்கள் தீர்ந்து அவள் காருக்குத் திரும்பும்போது நெரிடா படியிலிருந்தே கேட்டாள்.

"நாளைக்கு எப்படி?"

"நாளைக்கா? மூச்சு விட நேரமில்ல."

"சரி. ஏழரைக்கு வந்துடு. செருப்பு போட்டுக்கிட்டு வா."